பெரிய வீட்டுத் துணை

சிவகாசி வெடிகளில் ஒன்றுக்கு அணுகுண்டு என்று பேர். பச்சைச் சணல் சுற்றின வெடி. அதைச் சுற்றிச் சுற்றியே கை காய்த்துப்போன பெரியம்மா ஒருத்தி எங்கள் தெருவில் உண்டு. 2025 மே மாதம் இந்தியா, பாகிஸ்தான் சண்டை டிவியில் ஓடியபோது கேட்டாள்: "ஏய்யா, நெசக் குண்டு ரெண்டு பேர்ட்டயும் இருக்காம்ல. அந்தப் பயத்துல சண்டையே வராதுன்னாக. பெறகு ஏன் அடிச்சிக்கிறாக?"

பயம்தான் காவல் என்பவர்களிடம் இதற்குப் பதில் உண்டு. பெரிய சண்டை வராது, சின்னச் சண்டை வரும் என்பார்கள். 1998 மே மாதம் இரண்டு நாடுமே குண்டு வெடித்துப் பார்த்தன. மறு வருஷமே கார்கில். செத்த இந்தியச் சிப்பாய்கள் மட்டும் 500க்கு மேல். சின்னச் சண்டை!

மே 10ஆம் தேதி சண்டை நின்ற சேதியை முதலில் அறிவித்தவர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். யாரும் மத்தியஸ்தம் செய்யவில்லை என்று டெல்லி மறுத்தது. பெரியம்மா சிரித்தாள். "நம்ம தெருக் கதைதான்யா இது."

ஒரு காலத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் அடிக்க வருவதாகச் சேதி வந்தபோது, எங்கள் ஆட்கள் ஆதிக்கசாதிப் பெரிய வீட்டுக்காரர் ஒருத்தரிடம் போய் நின்றார்கள். அவர் நம்ம பக்கம் என்று தெரிந்தால் வரமாட்டான் என்பது கணக்கு. வரவில்லைதான். அதற்கப்புறம் அவர் சொன்ன கூலி, அவர் சொன்ன சின்னத்துக்கு ஓட்டு. யாரோடு எப்போது சமாதானம் என்பதும் அவர் முடிவு. எங்களுக்கு மறுநாள்தான் தெரியவரும்.

துணையே வேண்டாம் என்றுவிடலாமா? அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. 1951இல் மந்திரி பதவியை விட்டபோது வெளியுறவுக் கொள்கையையும் ஒரு காரணமாகச் சொன்னார். வருஷ வருமானம் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது. நமக்கு நண்பர்கள் இல்லாததால்தான் மொத்தச் செலவும் நம் தலையில் என்பது அவர் வாதம். இந்தப் பக்கத்தை நம்மில் பலர் புரட்டுவதில்லை. தனியாக நிற்பவன் சோத்துக் காசை ஆயுதத்தில் போடுவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துணைக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றி நின்றவள் பெரியம்மா. இன்றைக்கு டெல்லி ஆயுதத்திலும் காசைப் போட்டாயிற்று, குண்டும் கையில் இருக்கிறது. அப்படியும் பெரிய வீட்டுக்காரர்தான் முந்திக்கொண்டு அறிவிக்கிறார் என்றால், அந்தக் குண்டு வாங்கித் தந்த மரியாதை எவ்வளவு?

இதைச் சொன்னதும் பெரியம்மா கேட்டாள்: "அன்னிக்கு அவருகிட்டப் போகாம இருந்திருந்தா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத் தெருவில் ஒளித்துவைத்திருந்த பிள்ளைகளில் ஒருத்தர் என் அப்பா.