நாலு கியர் பின்னால், ஒரு கியர் முன்னால்

ஒரு பழைய மாருதி 800 காரை உரித்து, வீட்டிலேயே ஒரு பக்கி கட்டுகிறாய் என்று வைத்துக்கொள்.

பக்கி என்றதும் ஊரில் திட்டுகிற சொல் ஞாபகம் வருகிறதா? இது வேறு. இரும்புக் குழாயில் ஒரு கூண்டு, நாலு முரட்டு டயர், பின்னால் ஒரு எஞ்சின். மணல், மேடு, பள்ளம் எதுவானாலும் பாய்ந்து போகும் வண்டி.

மாருதி 800-ல் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டு. அதை அப்படியே தூக்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும். இடம் இடிக்கிறதே என்று நீ அதை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டால் என்ன ஆகும்?

எஞ்சின் உறுமும். முதல் கியர் போட்டு கிளட்சை விடுவாய். வண்டி பின்னால் பாயும்!

இரண்டாவது போட்டாலும் பின்னால். மூன்றாவதும் பின்னால். நாலாவதும் பின்னால். ரிவர்ஸ் போட்டால் மட்டும் மெல்ல முன்னால் ஊரும்.

எஞ்சின் கெட்டுப்போச்சா? இல்லை. சக்தி குறைந்ததா? இல்லவே இல்லை. மாட்டிய திசைதான் தப்பு!

நீயும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறாய். முன்னால் போக ஒரே ஒரு ஆசை. பின்னால் இழுக்க நாலு சாக்கு.

அந்த நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவோம், வா!

முதல் கியர்: "கையில் காசில்லை."

காயலான் கடைக்குள் என்றைக்காவது நுழைந்து பார்த்திருக்கிறாயா? சென்னையில் இருந்தால் புதுப்பேட்டைக்குப் போ. ஒரு காரின் உடம்பு முழுக்கத் தனித்தனியாக அடுக்கிக் கிடக்கும். ஸ்டீயரிங் ஒரு மூலையில். ஆக்ஸில் ஒரு மூலையில். ஷாக் அப்சார்பர் சாக்கில்.

தகரம் துருப்பிடித்த கார் செத்த கார் இல்லை. உள்ளே இருக்கும் 796 சிசி எஞ்சினுக்குத் தன் மேல் போர்த்திய தகரம் போனது தெரியவே தெரியாது!

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கச் சொன்னது யார்? இந்த மாதம் ஒரு ஸ்டீயரிங் ராக். அடுத்த மாதம் ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர். காசு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வேலையும் சொட்டுச் சொட்டாக நகரட்டும்.

காசில்லாதவன் மெதுவாகக் கட்டுவான். மனசில்லாதவன்தான் கட்டவே மாட்டான்!

இரண்டாவது கியர்: "நான் இன்ஜினியரிங் படிக்கலையே."

புரூஸ் மேயர்ஸ் படித்தாரா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாக்காரர். 1926-ல் பிறந்தவர். ஓவியப் பள்ளியில் படித்தவர். அவர் கைக்குப் பழகிய வேலை கார் இல்லை, ஃபைபர்கிளாஸ் படகு!

அந்தப் படகுக்காரர்தான் 1964-ல் நியூபோர்ட் பீச்சில் தன் முதல் பக்கியைக் கட்டி முடித்தார். உடம்புக்குப் படகுக் கைப்பழக்கம். எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அந்த எஞ்சின் காற்றிலேயே ஆறும், ரேடியேட்டர் உடையும் என்ற கவலை கிடையாது. எடை பின்சக்கரத்தில் அழுந்துவதால் மணலில் பிடி கிடைக்கும். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் மேயர்ஸ் மேங்க்ஸ்.

முதல் வடிவத்தில் ஒரு டசன் வண்டி செய்தார். செலவு கட்டுப்படியாகவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? பீட்டிலின் தரைத்தட்டையே எடுத்தார். நடுவில் ஏறக்குறைய 14 அங்குலம் வெட்டி எறிந்தார். இரண்டு பாதியையும் ஒட்டவைத்தார். அதன்மேல் தன் உடம்பைப் பொருத்தினார். அதுதான் விற்றது!

தெரியாததைக் கற்க உனக்குக் கல்லூரி வாசல்தான் வேண்டுமா? நாலு விளக்குமாற்றுக் குச்சியைச் சதுரமாகக் கட்டு. ஒரு மூலையைத் தள்ளு. சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கட்டித் தள்ளு. அசையாது! பக்கியின் கூண்டு முழுக்க நிற்பது இந்த முக்கோணத்தில்தான். முதல் பாடம் முடிந்தது. கட்டணம் ஐந்து குச்சி.

படித்துக்கொண்டே கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2007 முதல் பாஹா எஸ்ஏஇ இந்தியா என்ற போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாங்களே வண்டி கட்டிக் கொண்டுவருகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் போகின்றன. பெண்கள் மட்டுமே சேர்ந்த அணிகளும் வந்திருக்கின்றன. அந்தப் போட்டி வளர்ந்ததே எல்லோருக்கும் ஒரே மாதிரி 10 குதிரைசக்தி எஞ்சின் கொடுத்துத்தான். கடைசிச் சோதனை நாலு மணி நேர ஓட்டம்.

ஒரே எஞ்சின். ஒருவர் வண்டி நாலு மணி நேரம் தாங்குகிறது. இன்னொருவர் வண்டி பாதியில் படுக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? வெல்டிங் வைத்த கையில்!

மூன்றாவது கியர்: "தோத்துட்டா?"

தோற்பாய்! அதில் என்ன சந்தேகம்?

முதல் நாள் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டி ஆட்டி இழுப்பாய். இரண்டாம் நாள் கரண்டைக் கூட்டி வைப்பாய். பைப் ஓட்டையாகும். மூன்றாம் நாள் மேலே அழகாக ஒரு கோடு விழும். சந்தோஷத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவாய். பட்டென்று விட்டுவிடும். மேலே மினுக்கியதே தவிர உள்ளே இறங்கவே இல்லை!

விடாதே. இன்னும் பத்துத் துண்டு ஒட்டு. இருபது ஒட்டு. உடைத்துப் பார். மறுபடி ஒட்டு.

ஒருநாள் சத்தம் மாறும். எண்ணெயில் அப்பளம் பொரிவதுபோல ஒரே சீராகக் கேட்கும். கசடைத் தட்டினால் உள்ளே மீன் செதில் மாதிரி வரிவரியாக மின்னும். சுத்தியலால் ஓங்கி அடிப்பாய். அசையாது. அன்றைக்கு உன் முகத்தைக் கண்ணாடியில் பார்!

மேயர்ஸும் தோற்றார். தன் வடிவத்தைக் காக்க வழக்குப் போட்டார். தீர்ப்பு எதிராக வந்தது. அவர் விற்றது ஏறக்குறைய ஆறாயிரம். ஊரெல்லாம் பிறந்த நகல்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டும் என்பது பரவலான கணக்கு. 1971-க்குள் கம்பெனியே மூடப்பட்டது.

முடிந்ததா கதை? 2000-ல், 74 வயதில், மறுபடி பக்கி செய்யத் தொடங்கினார்! 2014-ல் அவருடைய முதல் வண்டி அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. நீ எந்த வயதில் "இனிமே என்ன" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பயத்தையே கழற்றி எறியச் சொல்லவில்லை. பயம் என்பது பிரேக். பிரேக் இல்லாத வண்டியில் ஏறாதே!

பெட்ரோல் ஊற்றிய டேங்கில் வெல்டிங் வைக்காதே. காலி டேங்காக இருந்தாலும் வைக்காதே. உள்ளே தங்கிய ஆவி போதும், வெடித்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப்பில் கூண்டு கட்டாதே. அதன் பூச்சு எரியும் புகை நெஞ்சைப் பிடிக்கும். வண்டி உருண்டால் உன்னைத் தாங்கச் செய்த குழாயும் இல்லை அது. தலைக்கு மேல் கூண்டு, நெஞ்சில் பெல்ட், தலையில் ஹெல்மெட். பதிவில்லாத வண்டியைச் சாலையில் இறக்காதே. சொந்தக் காடோ, அனுமதி வாங்கிய திடலோ, அங்கே ஓட்டு.

உயிருக்குப் பயப்படு. அவமானத்துக்கு ஏன் பயப்படுகிறாய்? பிரேக்கை மிதித்தபடியே ஓட்டினால் வண்டி எங்கே போய்ச் சேரும்?

நாலாவது கியர்: "நாலு பேர் என்ன சொல்வாங்க?"

இதுதான் டாப் கியர். இதில்தான் நீ அதிவேகமாகப் பின்னால் போகிறாய்!

அந்த நாலு பேர் யார்? பெயர் சொல். உன் பட்டறைக்கு ஒரு நட்டு வாங்கித் தந்தார்களா? நீ சோர்ந்த இரவில் டார்ச் பிடித்தார்களா?

1967 ஏப்ரலில் மேயர்ஸும் நண்பர் டெட் மங்கெல்ஸும் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் இறங்கினார்கள். லா பாஸிலிருந்து டிஹுவானா வரை பாறையும் புழுதியும் மணலும். அதற்கு முன் மோட்டார் சைக்கிளில் கடந்தவர்களின் சாதனை ஏறக்குறைய 40 மணி நேரம். மேயர்ஸ் கையால் கட்டிய சிவப்பு பக்கி அதே தூரத்தை 34 மணி 45 நிமிடத்தில் முடித்தது!

அதே ஆண்டு நவம்பரில் அதே நிலத்தில் முதல் மெக்சிகன் 1000 பந்தயம். வென்றதும் ஒரு மேங்க்ஸ்தான். 27 மணி 38 நிமிடம்.

பாலைவனம் யாரிடமும் சர்டிபிகேட் கேட்கவில்லை. எந்தத் தெருவில் எந்த நாலு பேர் என்ன பேசினார்கள் என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டது: "தாங்குவாயா?"

உன்னையும் ஊர் பக்கி என்று சொல்லட்டும். பக்கியில் உட்கார்ந்து கேள்! எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது.

நாலு கியரும் இப்போது உன் முன்னால் கிடக்கின்றன. காசு, படிப்பு, தோல்வி, ஊர்வாய்.

உற்றுப் பார். இதில் எதையாவது தூக்கி எறியச் சொன்னேனா? காசில்லாமை உனக்குப் பொறுமை கற்றுத்தரும். தெரியாமை உன்னைக் கேள்வி கேட்க வைக்கும். உடைந்த வெல்டிங் அடுத்த வெல்டிங்கைச் சொல்லித்தரும். ஊர்வாய் உன் ரோஷத்தைக் கிளப்பும். இழுத்த இழுப்பு அதேதான். இனி தள்ளப் போகிறது!

தப்பாக மாட்டிய எஞ்சினைப் பட்டறையில் என்ன செய்வார்கள்? காயலான் கடைக்கா திருப்பி அனுப்புவார்கள்? நாலு போல்ட்டைக் கழற்றுவார்கள். சங்கிலி போட்டுத் தூக்குவார்கள். திருப்புவார்கள். மறுபடி முடுக்குவார்கள். கையெல்லாம் கிரீஸ். முதுகெல்லாம் வலி. வேலை அவ்வளவுதான்.

அதே எஞ்சின். அதே நாலு கியர்.

ஸ்பேனர் உன் கையில்தான் இருக்கிறது. திருப்பி மாட்டு!