நிறம் கேட்கும் அழைப்பிதழ்

“அவசியம் வருக! அன்புடன் வருக! குடும்பத்தோடு வருக!” என்று மும்முறை அழைத்துவிட்டு, அடியிலே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள்: “அனைவரும் இளநீல நிற உடையில் வருக.” மேலே அன்பு, கீழே ஆணை! மணமக்களை வாழ்த்த வருவோருக்கு நிறம் வகுக்கும் இந்தப் பழக்கம் நகரத்து மண்டபங்களில் பரவி வருகிறது. ஒளிப்படம் ஒரே வண்ணத்தில் அமைய வேண்டுமாம். காண்போர் கண் குளிர வேண்டுமாம்.

இதைப் புதுமை என்று புகழ்வோர் உண்டு. புதுமை என்பதாலேயே இகழ்வோரும் உண்டு. இரு சாராரும் ஒன்றை மறந்தனர். நிறக்கட்டளை நம் நாட்டுக்குப் புதிதன்று. அது அச்சில் ஏறியதுதான் புதிது. ‘கறுப்புடுத்தி வராதே, வெள்ளைப் புடவைக்காரி எதிரே நில்லாதே’ என்னும் அச்சேறாத கட்டளை, காலங்காலமாக மணவாயிலில் காவல் நிற்கிறது. புதிய கட்டளை பணத்தைக் கேட்கிறது. பழைய கட்டளை மானத்தைக் கேட்கிறது.

கறுப்பு தீது, வெள்ளை தீது என்பது இயற்கை அளித்த தீர்ப்பா? மனிதன் எழுதிவைத்த தீர்ப்பா? கூடங்குளத்தைச் சுற்றி ஒரு பார்வை செலுத்தினால் போதும், விடை கிடைத்துவிடும். இந்து வீட்டுத் திருமணத்தில் வெள்ளைப் புடவை ஆகாது என்பர். அருகே இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களின் தேவாலயங்களிலோ மணமகளே வெள்ளை உடுத்தி வருகிறாள். மேற்கே குமரி மாவட்டத்தைத் தாண்டிக் கேரளத்தில் கால் வைத்தால், பொன்கரையிட்ட வெண்ணிறப் புடவைதான் மங்கல உடை. கறுப்பு ஆகாது என்பர். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மணமகளின் கழுத்தில் ஏறும் மணநாள் அடையாளமே கருகமணி! 1988ஆம் ஆண்டு சோவியத்து நாட்டுடன் செய்த உடன்பாட்டின் வழியே எழுந்த அணுமின் நிலையம், வடநாட்டாரையும் இரசியரையும் அவ்வட்டாரத்துக்குக் கொண்டுவந்தது. வடவர் பலருக்குச் சிவப்பே மணமகள் நிறம். சில கல் தொலைவுக்குள் மங்கலம் அமங்கலமாகிறது, அமங்கலம் மங்கலமாகிறது. தீமை நிறத்திலே இருந்தால், எல்லை தாண்டியதும் அது எங்கே ஓடி ஒளிந்தது?

இடத்துக்கு இடம் மட்டுமா? காலத்துக்குக் காலமும் மாறியிருக்கிறது. சங்கத் தமிழர் திருமணத்தைக் காட்டும் அகநானூற்று 136ஆம் பாடலில், மணமகளுக்கு வெண்ணிற நூலையே சூட்டி மகிழ்கின்றனர். அந்தத் தமிழனின் வழிவந்தோர் வெண்மையைக் கண்டு இன்று விலகுகின்றனர். ஐரோப்பாவில் மணமகளுக்கு வெள்ளையே விதி என்று எண்ணுகிறோமே, அந்த வழக்கம் பரவியதும் 1840இல் விக்டோரியா அரசி வெண்ணுடையில் மணந்த பிறகுதான். சப்பானியத் திருமணத்திலோ விருந்தினரான ஆடவர் கறுப்புடையில் வருவது மரியாதை. நிறத்துக்கு வாயில்லை, அதற்காகப் பேசுவது நம் வழக்கமே.

வழக்கம் பேசட்டும். ஆனால் யாருக்கு எதிராகப் பேசுகிறது என்று கேட்க வேண்டாமா?

மணமேடையைப் பாருங்கள். மணமகன் வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறான். அவன் தந்தையும் வெள்ளை வேட்டி. முன்வரிசையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் பெரியவர் மனைவியை இழந்தவர். அவருக்கும் அதே வெள்ளை வேட்டிதான். யாரும் முகம் சுளிப்பதில்லை. கணவனை இழந்த தாய் வெள்ளைப் புடவையில் வந்தால்? தூணுக்குப் பின்னே நிற்கிறாள்! பீடி சுற்றியும் கூலிக்குச் சென்றும் மகளை வளர்த்தவள், மகளுக்குத் தாலி ஏறும் நேரத்தில் மறைந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். ஆணின் இடுப்பில் மங்கலமான வெண்மை, பெண்ணின் தோளில் அமங்கலமானது எப்படி? நூல் ஒன்று, தறி ஒன்று, சாயமேற்றாத தன்மையும் ஒன்று. வேறுபட்டது துணியன்று, துணியைச் சுமந்த ஆள். ஆக, நிறத்தின் பெயரால் விலக்கப்படுவது நிறமன்று, பெண்.

உடை விதிகளின் உள்நோக்கம் இதுதான் என்பதற்கு அண்டை மண்ணின் வரலாறே சான்று. தோள்சீலை கேட்ட பெண்கள் அடியும் இழிவும் தாங்கிப் போராடிய பின், 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திருவிதாங்கூர் மன்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்டிர் மார்பை மறைத்துக் கொள்ளலாம் என்றது அது; ஆனால் உயர்சாதிப் பெண்டிரைப் போல் மட்டும் உடுத்தக் கூடாது என்று வாலையும் ஒட்டியது. நாணத்தைக் காப்பது நோக்கமானால் அந்த வால் எதற்கு? பார்த்தவுடன் மேல் எது, கீழ் எது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான்!

“அதுவும் இதுவும் ஒன்றா? எங்கள் வீட்டு விழா. எங்கள் ஆசைக்கு ஒரு நிறம் கேட்டோம். கேடென்ன?” என்று கேட்பர். முறையான கேள்விதான். வீட்டாரின் மகிழ்ச்சிக்கு இசைவது விருந்தினரின் பண்பு. பெட்டியில் நீலச் சட்டை இருக்கும்போது வேண்டுமென்றே வேறு அணிந்து வருவது வீரமன்று, வீம்பு. மூதாட்டி ஒருவர் கறுப்பைக் கண்டு கலங்குவார் என்றால், அழகுக்காகக் கறுப்பை எடுத்தவர் சட்டையை மாற்றிக்கொள்வதிலும் இழப்பில்லை. ஆனால், 1945க்குப் பின் கருஞ்சட்டையைக் கொள்கையாகவே அணிந்தவர்கள் எத்தனையோ மணவிழாக்களுக்குத் தலைமை தாங்கினர்; மணமக்கள் வாழ்ந்தனர், மக்களைப் பெற்றனர். அத்தகையவரை ‘கறுப்பைக் கழற்றி வா’ என்பதும், கைம்பெண்ணை ‘ஒதுங்கி நில்’ என்பதும் சட்டையை மாற்றச் சொல்வதாகாது. ஆளையே மாற்றச் சொல்வதாகும்.

வேண்டுகோளுக்கும் விலக்குக்கும் வேறுபாடு அறிவது கடினமன்று. வேறு நிறத்தில் வந்தவரும் அதே முகமலர்ச்சியோடு வரவேற்கப்படுகிறாரா, முன்வரிசையில் அமர்த்தப்படுகிறாரா? அது வேண்டுகோள். ஒரு நாள் படத்துக்காகப் பனையேறியும் மீனவரும் கடன்பட்டுத் துணி எடுக்க நேர்கிறதா, அல்லது ‘உடல்நலமில்லை’ என்று பொய் சொல்லி வீட்டிலேயே தங்க நேர்கிறதா? அது விலக்கு. நிறம் வேண்டுவோர் துணியையும் எடுத்துக் கொடுக்கட்டும்! உறவினருக்குத் துணி எடுத்துக் கொடுப்பது நம் குடும்பங்கள் அறிந்த வழக்கந்தானே? கொடுக்க இயலாதோர், கேட்கவும் வேண்டாம்.

விருந்தினர் யார் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், உற்றார், நண்பர், பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும் என்றது. தீ வேண்டும் என்று கேட்கவில்லை. மந்திரம் வேண்டும் என்று கேட்கவில்லை. மனிதர் முன்னிலையைக் கேட்டது! அந்த மனிதர் எந்த நிறத்தில் வர வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. விருந்தினர் மணத்துக்குச் சான்று நிற்பவர். படத்துக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலையல்லர்.

அந்தச் சான்றோருள் முதலிடம் யாருக்கு? பெற்று வளர்த்த தாய்க்கன்றோ! அவள் வெள்ளை உடுத்தியிருந்தால் என்ன, சிவப்பு உடுத்தியிருந்தால் என்ன? மாலையை எடுத்து மகள் கையில் கொடுக்க அவள் கையைவிட உரிமையுள்ள கை வேறு எது? அழைப்பிதழ் அச்சிடுவோர், நிறம் குறிக்கும் அந்த அடிவரியை அடித்துவிட்டு, ‘கணவனை இழந்த அன்னையர் மேடைக்கு வந்து வாழ்த்துக’ என்று எழுதட்டும். வண்ணம் ஒன்றாக இராது. படம் பல நிறமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் தூணுக்குப் பின்னே ஒருவரும் நிற்க மாட்டார்.