பிறப்பும் அன்பும்



2017ஆம் ஆண்டில் சீன நாட்டிலே ஒளிபரப்பான ஒரு நாடகம், இன்று கைபேசியின் வாயிலாக நம் மண்டி மொஹல்லா இல்லங்களிலும் புகுந்திருக்கிறது. தாங் சீ என்னும் எழுத்தாளரின் நாவலைத் தழுவி 58 பகுதிகளாக எடுக்கப்பட்டது அது. 'மூன்று பிறவி, மூன்று உலகம்' என்றே அதன் பெயர் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் அதைக் காண்பதைக் குறைகூற நான் முன்வரவில்லை. எதனையும் ஆராய்ந்து ஏற்கும்படி சொன்னவர் நம் பகவன். ஆகவே அக்கதையில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று ஆராய்வோம்.

சூ சூ என்னும் எளிய மானிடப் பெண்ணை விண்ணுலக இளவரசன் யே ஹுவா காதலித்து மணக்கிறான். விண்ணுலகம் சென்ற அவளை, மானிடப் பிறவி என்று அங்குள்ளோர் இகழ்கின்றனர். உயர்நிலையிலுள்ள ஒருத்தி தானே மேடையிலிருந்து விழுந்து கண்ணிழந்து, சூ சூ தள்ளினாள் என்று பொய்யுரைக்கிறாள். எளியவள் சொல் எடுபடவில்லை. அவளுடைய கண்களைப் பறித்து மற்றவளுக்குக் கொடுக்கின்றனர். பறிக்கும் கையோ காதலித்த கணவனின் கை! மனமுடைந்த அவள் விண்ணிலிருந்து குதித்து விடுகிறாள்.

சகோதரர்களே, இக்கதை நமக்குப் புதிதா? மேலோன் சொல் சாட்சியாகவும், கீழோன் சொல் குற்றமாகவும் கொள்ளப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் அல்லவோ நம் முன்னோர்!

கதை இத்தோடு நிற்கவில்லை. சூ சூ உண்மையில் பாய் சியென் என்னும் பெருந்தேவதை. நினைவும் ஆற்றலும் இழந்து மானிடப் பெண்ணாய் இருந்தவள். தன்னை அறிந்தபின் அவள் தன் கண்களைத் திரும்பப் பெறுகிறாள். பார்ப்போர் மகிழ்கின்றனர். நான் கேட்கிறேன்: அவள் வெறும் மானிடப் பெண்ணாகவே இருந்திருந்தால் அவளுக்கு நீதி கிடைத்திருக்குமா? உயர்பிறப்பு வெளிப்பட்ட பின்பே நீதி வருமாயின், அது நீதியன்று; பிறப்புக்குச் செலுத்தும் வணக்கமே.

நம் மணிமேகலைக் காப்பியம் வேறு வழி காட்டுகிறது. வேள்விப் பசுவைக் காத்த ஆபுத்திரனின் பிறப்பை இழித்துரைத்தனர் வேதியர். அவன் தனக்கு உயர்குலம் உண்டென்று வாதிடவில்லை. அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பையே எடுத்துக்காட்டி, பிறப்பால் பெருமை பேசுவது வீண் என்றான். ஊர் துரத்தியது. அவன் மதுரை சென்று, இரந்த சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டினான். அவன் கையில் சிந்தாதேவி தந்ததே அமுதசுரபி. உலகறவியை நாடி வந்தோர்க்குப் பின்னாளில் மணிமேகலை அதிலிருந்தே சோறிட்டாள்.

அவளுக்கும் முற்பிறவிக் காதல் உண்டு. உதயகுமரன் முற்பிறவியில் இராகுலனாய்த் தன் கணவனாயிருந்தான் என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆயினும் பழைய பந்தம் தன்னைக் கட்டும் என்று அவள் கொள்ளவில்லை. ஒருவனிடம் செல்லவிருந்த அன்பைப் பசித்தோர் அனைவர்க்கும் பகிர்ந்தளித்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள்.

காதலரை இணைக்கும் 'யுவான்' என்னும் சொல்லைச் சீனர் பெரிதும் போற்றுகின்றனர். பௌத்த நூல்களை மொழிபெயர்த்த அந்நாட்டு அறிஞர்கள், நம் மணிமேகலை 'சார்பு' என வழங்கும் கருத்துக்கு அச்சொல்லையே ஆண்டனர். ஒன்று சார ஒன்று தோன்றும் என்பதே அதன் பொருள். காலப்போக்கில் மக்கள் அதனைத் தலைவிதியாக்கினர். நிலாக் கிழவன் ஒருவன் மணமக்களின் கால்களைச் செந்நூலால் கட்டுகிறான் என்பது அவர்கள் கதை. ஆலையில் நூலோடு நாள் கழித்தவன் நான். அறுந்த இழையை முடிந்தது தொழிலாளியின் கையன்றி விதியன்று. சார்பு மாறினால் விளைவும் மாறும். அதனாலேயே துக்கத்துக்கு முடிவுண்டு என்றார் புத்தர்.

நாடகத்தில் கொள்ளத்தக்கதும் உண்டு. உலகைக் காக்க யே ஹுவா தன் உயிரையே ஈகிறான். அத்தியாகம் போற்றத்தக்கது.

இனி நம்மைப் பார்ப்போம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளில் மனிதர் அனைவரும் சமம் என்பதும் ஒன்று. அதை ஏற்ற நம்மில் சிலர், பெண் பார்க்கும் வேளையில் மட்டும் 'எந்த ஊர், எந்தப் பிரிவு' என்று மெல்ல விசாரிக்கின்றனர். ஜாதகக் கட்டை ஒளித்து வைத்திருக்கின்றனர். முற்பிறவிப் பயனால் இழிந்தோம் என்பதை மறுத்து வெளிவந்த நாம், முற்பிறவிப் பொருத்தம் பார்த்து மணம் முடிக்கலாமா? வாசலில் துரத்திய சாதியைக் கொல்லையில் விருந்துக்கு அழைப்பதல்லவோ இது!

பெற்றோர்களே, உங்கள் மகள் ஒருவனைக் குறித்துப் பேசினால் மூன்றே கேள்வி கேளுங்கள். அவன் உழைப்பவனா? குடியை விலக்கியவனா? அவள்மீது பழி வரும்போது உண்மையை விசாரித்து அவள் பக்கம் நிற்பவனா? இம்மூன்றும் இருந்தால் பிறப்பைக் கேளாதீர்கள். சீனத்து இளவரசனிடம் இல்லாமற் போனது அந்த மூன்றாவதே.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! நமோ புத்தாய.