பாட வராதவர்களின் பாட்டு

வழிபாட்டில் இசைக்கு இடம் கொடுத்த மரபுகளில் ஒரு வழக்கு தீராமல் இருந்துவருகிறது. கடவுள் முன்னால் யார் பாடலாம்? குரலும் பயிற்சியும் அமைந்தவர் மட்டுமா, வாயைத் திறக்க விரும்பும் எவருமா? கோயிலையும் தேவாலயத்தையும் விட்டு வெளியே வந்து, கடவுள் பெயரையே எடுக்காத ஓர் இசைப் பள்ளிக்குள் நுழைந்தாலும் இதே வழக்குதான். பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டு, மாலையில் பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பாடக் கற்கும் நாற்பது வயதுக்காரர் எந்த மேடையிலும் ஏறப்போவதில்லை. சில ஆண்டுகள் கழித்தும் அவர் குரல் சுமாராகத்தான் இருக்கும். அப்படியானால் அந்த வகுப்பு எதற்கு? பொழுதுபோக்கு என்றோ மன அழுத்தத்துக்கு மருந்து என்றோ சொல்லி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். அந்தத் தயவு அதற்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கேட்பவர் கையில் கொடுக்கப்படும் பண்டம் என்று பாட்டை எடுத்துக்கொண்டால்தான் சுமாரான குரல் பெரிய குறையாகிறது. பாடுகிறவர்களே ஒருவரையொருவர் கேட்கிறவர்களாகவும் இருக்கும் இடத்தில் பாட்டின் பயன் அங்கேயே, அவர்களுக்குள்ளேயே நிறைவேறிவிடுகிறது. சமயங்கள் தெளிவாக இருந்த நேரங்களில் புனிதம் என்று கண்டுகொண்டதும் இதையே என்பது என் வாதம்.

சிகாகோ நகரத்தின் ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக் இதற்கு நல்ல சான்று. 1957 டிசம்பர் 1 அன்று அது திறக்கப்பட்டது. பாடகர் வின் ஸ்ட்ராக்கி, கிட்டாரும் பான்ஜோவும் வாசிக்கும் ஃபிராங்க் ஹாமில்டன், தன் வீட்டுச் சாப்பாட்டு அறையை வகுப்புக்கு விட்டுக்கொடுத்த டான் கிரீனிங் ஆகிய மூவரும் அதைத் தொடங்கினார்கள். ஹாமில்டன் கொண்டுவந்த பயிற்று முறை, லாஸ் ஏஞ்சலஸில் பெஸ் லோமாக்ஸ் ஹாவ்ஸ் நடத்திய குழு வகுப்புகளில் உருவானது. மாலையின் முதல் பாதியில் மாணவர்கள் தங்கள் நிலைக்கேற்ற வகுப்புகளில் பிரிந்து உட்காருவார்கள். நடுவில் காபி. அதன் பிறகு எல்லா வகுப்பும் ஒரே கூடத்தில் கூடி ஒரே பாட்டை வாசிக்கும். அதற்கு 'இரண்டாம் பாதி' என்றே பெயர். புதிதாகச் சேர்ந்தவர் கிட்டாரில் இரண்டே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) மாற்றி மாற்றி மீட்டுவார். பல ஆண்டு பழகியவர் அதன் மேல் மெட்டை எடுப்பார். விரல் ஓடாதவர் பாடுவார். பள்ளி பிறகு பெரிதாக வளர்ந்தது. 1998இல் லிங்கன் அவென்யூவில் பழைய பொது நூலகக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டது. தவழும் குழந்தைகளைப் பெற்றோர் மடியில் வைத்துக்கொண்டு பாடும் வகுப்புகளும் வந்தன. ஆனால் பள்ளியின் உயிர் அந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. அங்கே கேட்பதற்கென்று தனியாக யாரும் உட்காருவதில்லை, யாரும் மதிப்பெண் போடுவதில்லை. புதியவரின் இரண்டு கார்டுகள் அனுபவசாலியின் மெட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவை நின்றால் மெட்டு அந்தரத்தில் தொங்கும். அதனால் கற்றுக்குட்டியைக் கூடத்தில் சேர்த்துக்கொள்வதைப் பெருந்தன்மை என்று சொல்ல முடியாது. பாட்டுக்கே அவர் வேண்டும்.

பிளேட்டோ தன் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில் ஒரு முழு நகரத்தையும் மூன்று பாட்டுக் குழுக்களாகப் பிரிக்கிறார். முதலில் குழந்தைகள், அடுத்து முப்பது வயது வரையிலான இளைஞர்கள், கடைசியாக முப்பதிலிருந்து அறுபது வரை உள்ளவர்கள். குழுவில் பாடவும் ஆடவும் பழகாதவரைக் கல்வி பெற்றவராகவே அவர் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு அவர் காட்டும் காரணம் சமயம் சார்ந்தது. உழைப்புக்கென்றே பிறந்த மனிதர்கள் மேல் இரங்கித் தெய்வங்கள் திருவிழாக்களைக் கொடுத்தன. கலைத் தேவியரும் அப்பல்லோவும் டயோனிசஸும் அந்த விழாக்களில் கூட ஆடும் தோழர்களாக நிற்கிறார்கள். கவனியுங்கள், தெய்வம் எதிரே அமர்ந்து ரசிக்கவில்லை, வரிசைக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் பிளேட்டோ கூர்மையாகப் பார்த்திருக்கிறார். வயது ஏற ஏற மனிதர்கள் பாடக் கூச்சப்படுகிறார்கள். நாற்பதைக் கடந்தவர்களின் இறுக்கம் தளரக் கொஞ்சம் மது தரலாம் என்கிறார். மருந்து எப்படியோ போகட்டும், நோயை அவர் சரியாகக் கண்டிருக்கிறார். வயதுவந்தோர் வகுப்பில் முதல் தடை ஸ்வரமோ தாளமோ அல்ல. பக்கத்தில் இருப்பவர் தன் குரலைக் கேட்டுவிடுவாரே என்ற பயம். குழந்தைகளுக்கு அந்தப் பயம் இன்னும் வரவில்லை. அதனால்தான் வயது கலந்த குழுவில் பெரியவருக்குக் குழந்தை ஒரு வகையில் ஆசிரியராகவே ஆகிவிடுகிறது.

இது கற்பனையான நகரத்துக்கு மட்டும் பொருந்தும் விஷயமல்ல. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் தேவாலயத்தில் பாடக் கூடாது என்று விதித்தது. ஒழுங்கு குலையும், பிழையான பாட்டுகள் புகுந்துவிடும் என்ற அச்சத்தை அந்த விதியின் பின்னால் ஊகிக்கலாம். அடுத்த தலைமுறையில் அகஸ்டின் தன் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் வேறொரு தவிப்பை எழுதினார். தேவாலயப் பாட்டில் தான் அழுதது அதன் பொருளுக்காகவா, குரலின் இனிமைக்காகவா? பாட்டையே விலக்கிவிடலாமா என்றுகூட அவர் யோசிக்கிறார். கடைசியில் தயக்கத்தோடு அனுமதிக்கிறார். அகஸ்டினின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அவருடையது பாட்டைக் கேட்பவரின் கேள்வி, பாடுகிறவரின் கேள்வி அல்ல. பிறர் குரலில் மயங்குகிறவருக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். பக்கத்தில் இருப்பவரோடு தாளம் பிசகாமல் பாட முயன்றுகொண்டிருப்பவருக்கு மயங்க ஏது நேரம்? பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் விடை வேறு பக்கமிருந்து வந்தது. 1537இல் சமயச் சீர்திருத்தவாதிகளான கால்வினும் ஃபாரெலும் நகர மன்றத்தின் முன் வைத்த யோசனை இது: மக்களுக்கு விவிலியத்தின் சங்கீதங்களைப் பாடத் தெரியாது, ஆகவே முதலில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள், அவர்கள் தெளிவான குரலில் பாடட்டும், பெரியவர்கள் கவனமாகக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடச் சேர்ந்துகொள்ளட்டும். கால்வின் இசையில் மிகவும் கண்டிப்பானவர், தேவாலயத்தில் வாத்தியங்களையே அனுமதிக்காதவர். அப்படிப்பட்டவர் சபை முழுவதும் பாட வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகக் குழந்தைகளைப் பெரியவர்களுக்கு முன்னால் நிறுத்தவும் அவர் தயங்கவில்லை.

நம் மரபில் இந்த வழக்கின் ஆழமான தீர்ப்பு பெரிய புராணத்தில் இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர், வயதில் பெரியவர், யாழில் தேர்ந்தவர். திருஞானசம்பந்தரோ சிறுவர். பாணரின் யாழால்தான் சம்பந்தரின் பதிகங்களுக்குப் பெருமை என்று தருமபுரத்தில் பாணரின் உறவினர்கள் பேசியபோது அவர் பதறிப்போகிறார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரையே வேண்டுகிறார். சம்பந்தர் பாட, யாழ் தோற்கிறது. பாணர் அதை உடைக்கப் போகிறார். அப்போது சம்பந்தர் தடுத்து, யாழைத் தன் கையில் வாங்கி, இறைவன் பெருமை கருவிக்குள் அடங்காது, வந்தவரைக்கும் வாசியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். வழக்கமாக இந்தக் கதையைச் சம்பந்தரின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கடைசிச் செயல்தான் முக்கியம். அளக்க முடியாத ஒன்றின் முன்னால் எல்லாக் கருவியும் குறைதான். தேர்ந்தவரின் குறைக்கும் தொடக்கக்காரரின் குறைக்கும் உள்ள தூரம் அங்கே சிறுத்துப்போகிறது. குறையைக் காட்டிய குழந்தையே, குறையோடு தொடர்ந்து வாசிக்கும்படி யாழைக் கையில் கொடுக்கிறது. பாணரும் விலகிப் போகவில்லை. நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலக்கும் நாள் வரை கூடவே இருக்கிறார்.

இதற்குக் கனமான மறுப்பு இசையறிந்தவர்களிடமிருந்து வரும். கூட்டமாகக் கற்றால் எதுவும் ஆழமாக இறங்காது என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பதினைந்து பேரின் விரல்களை ஓர் ஆசிரியர் ஒரே மணி நேரத்தில் திருத்த முடியாது. ஒரு ராகத்தின் கமகம் குருவின் எதிரே உட்கார்ந்து, அவர் முகம் சுளிப்பதையும் மலர்வதையும் பார்த்துப் பார்த்துத்தான் குரலில் படியும். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து நெல் அளந்தான். தேர்ந்தவர்களுக்கு ஆதரவு இல்லாமல் பண் தலைமுறை தாண்டாது என்பதற்கு அந்தக் கல்வெட்டே சாட்சி. ஆகவே குழு வகுப்பு குருகுலத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: அந்த நாற்பத்தெட்டுப் பேரின் பாட்டு யார் காதில் விழுந்தது? தானே ஒரு கலையைச் செய்து பார்க்காதவர் அதை நன்றாக மதிப்பிடுவது கடினம் என்று அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் கடைசிப் பகுதியில் எழுதினார். இன்று பல கோயில்களில் ஓதுவார் பாடிக்கொண்டிருக்க, தரிசன வரிசை அவரைக் கடந்து நகர்ந்துபோகிறது. பக்தி குறைந்துவிட்டது என்று அந்த மக்களைப் பழிப்பது நியாயமாகாது. அந்தப் பண் அவர்கள் வாயில் ஒருநாளும் ஏறவில்லை, அதனால் காதிலும் ஏறவில்லை. அரிஸ்டாட்டில் ஓரிடத்தில் பிளேட்டோவிடமிருந்து விலகுகிறார். இளமையில் கற்றால் போதும், வளர்ந்தபின் வாசிப்பதை விட்டுவிடலாம் என்கிறார். அங்கே நான் பிளேட்டோவின் பக்கம். வாசிப்பதை விட்டவரின் காது மெல்ல மெல்ல நுகர்வோரின் காதாகிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு என்னை இன்னும் அதிகமாகத் தொந்தரவு செய்வது. கூட்டுப் பாட்டு தனி மனித மனச்சாட்சியைக் கரைத்துவிடும். நாஜி ஜெர்மனி தன் சிறுவர்களை அணிவகுத்துப் பாடவைத்தே வார்த்தெடுத்தது. அவர்களும் ஒன்றாகத்தான் பாடினார்கள், உள்ளம் உருகித்தான் பாடினார்கள். சேர்ந்து பாடுவது தன்னளவிலேயே நல்லது என்று சொன்னால் இதற்குப் பதில் இல்லை. ஆனால் அணிவகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. வகுப்பில் யாரும் நிறுத்தலாம். "எனக்கு வரலை, மறுபடியும் முதல்லேருந்து" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் நின்று திரும்பத் தொடங்குவார்கள். அணிவகுப்பில் அப்படி நிற்பவரை மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். தடுமாறுகிறவருக்காக மொத்தப் பாட்டும் காத்திருக்கும் இடத்தில் மனச்சாட்சி கரைவதில்லை, பழகுகிறது. வரலாற்றிலும் சான்று உண்டு. 1945, 46இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள் கறுப்பினத் தேவாலயப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். அவர்களில் சிலர் அதை டென்னசியின் ஹைலேண்டர் மக்கள் பள்ளிக்கு எடுத்துப் போனார்கள். வயதுவந்தோர் கூடிக் கற்ற அந்தப் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்று, வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். 1959இல் அந்தப் பள்ளியில் போலீஸ் சோதனை நடந்த இரவில், அங்கே வந்திருந்த பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி இருட்டில் பாடும்போது தங்களுக்குப் பயமில்லை என்னும் பொருளில் ஓர் அடியைச் சேர்த்தாள். பெரியவர்கள் அவளைத் தொடர்ந்து பாடினார்கள். 'வீ ஷேல் ஓவர்கம்' என்று உலகம் அறிந்த பாட்டு அது. பின்னாளில் அதன் பதிப்புரிமையில் இடம்பெற்ற நான்கு பெயர்களில் ஒன்று ஃபிராங்க் ஹாமில்டன், சிகாகோ பள்ளியின் முதல் ஆசிரியர்.

இதெல்லாம் சரி, ஆனால் கட்டணம் கட்டிக் கிட்டார் கற்கும் வகுப்பை வழிபாட்டோடு சேர்த்துப் பேசுவது வழிபாட்டை மலிவாக்குவதாகாதா என்று பக்தர்கள் கேட்கலாம். வகுப்பு வழிபாடு ஆகிவிடாது. அங்கே யாரையும் நோக்கி யாரும் கும்பிடவில்லை. ஆனால் வழிபாடு மனிதரிடம் கேட்கும் பழக்கங்களான தன் குரலைத் தாழ்த்திப் பிறர் குரலைக் கேட்பதும், தன் முறை வரும்வரை காத்திருப்பதும், வெட்கப்படாமல் குறையோடு முன்வருவதும் அங்கே கைவருகின்றன. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாபநாசம் சிவன் பஜனை நடத்திப் போனபோது பின்னால் சேர்ந்து பாடியவர்கள் எல்லோரும் வித்வான்களாக இருந்திருக்க முடியாது. அவரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

நம் ஊர் இசை வகுப்புகளில் ஒரு காட்சி சாதாரணம். பிள்ளை உள்ளே சரளி வரிசை பாடும். தாயோ தகப்பனோ வெளித் திண்ணையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு வகுப்பு முடியக் காத்திருப்பார். தேர்வும் அரங்கேற்றமும் பிள்ளைக்கு, கட்டணமும் காத்திருப்பும் பெற்றோருக்கு என்று பிரித்துவைத்திருக்கிறோம். வாரத்தில் ஒருநாள், வகுப்பின் கடைசி அரை மணி நேரத்துக்கு, அந்தக் கதவைத் திறந்து பெரியவர்களையும் உள்ளே உட்காரச் சொல்ல ஆசிரியருக்கு அதிகச் செலவில்லை. எளிய தேவாரப் பதிகம் ஒன்று போதும், இரண்டு தாளம் போதும். பிள்ளைகள் முன்னால் பாடட்டும், பெற்றோர் பிடித்துக்கொள்ளட்டும். முதல் சில வாரங்கள் ஸ்ருதி சேராது. ஆசிரியர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் தங்கள் பிள்ளை முன்னால் தப்பாகப் பாடச் சம்மதிக்க வேண்டும். இரண்டில் பின்னதுதான் கடினம்.