குளிராமல் பூக்காதா?

வைகாசி மாதம் ரொறன்ரோவில் லிலாக் பூக்கிற காலம். வேலியோரம், பஸ் தரிப்பிடத்தின் பின்பக்கம், பள்ளிக்கூட மதிலோரம் என்று நினையாத இடமெல்லாம் இளம் ஊதாக் கொத்துகள் தொங்கும். ஹமில்டனை ஒட்டிய ரோயல் தாவரவியல் பூங்காவில் லிலாக்குக்கென்றே பெரிய தொகுப்பு ஒன்று உண்டு. இரண்டு மூன்று கிழமைதான் பூ. பிறகு வருடம் முழுக்க இலையும் தடியும்தான். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பிறந்து, பனியைக் கிளறிக் காரை வெளியே எடுத்துப் பழகிய ஒருவருக்கு அந்தப் பூவில் ஆசை விழுவதில் வியப்பில்லை. ஊருக்குப் போகையில் ஒரு கன்றைக் கொண்டுபோய்ப் பழைய வளவில், கிணற்றடியில் நட்டால் என்ன என்று அவர் நினைத்தார் என்றே வைத்துக்கொள்வோம்.

கன்று உடனே சாகாது. கிணற்றடி ஈரத்தில் இலை விடும். சோளகம் எழும்பியதும் இலையின் ஓரம் கருகும். மாரி வந்தால் இலையில் சாம்பல் பூத்ததுபோல் நோய் படரும். அப்படியும் சில வருடம் உயிரோடு நிற்கலாம். பூ மட்டும் வராது.

காரணம் மொட்டில் இருக்கிறது. லிலாக்கின் பூமொட்டு ஒரு கோடையில் உண்டாகி அடுத்த வசந்தத்தில் விரிவது. இடைப்பட்ட காலத்தில் அது செதில்களால் மூடிக்கொண்டு உறங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, ஏழு பாகைக்குக் கீழே, பல நூறு மணி நேரம் குளிர் பட்டால்தான் அந்த உறக்கம் கலையும். சாதாரண வகைகளுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேலும் வேண்டும் என்பது தோட்டக்காரர் கணக்கு. வவுனியாவில் மார்கழி, தை இரவுகளில் போர்வை தேடவைக்கிற குளிர்கூட 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். லிலாக்குக்கு அது குளிரே இல்லை.

இதை ஒரு பிரசங்கியார் கேட்டால் விடமாட்டார். குளிரில் நடுங்காத செடி பூக்காது, துன்பப்படாத உயிர் பக்குவப்படாது. கோயில் மண்டபத்தில் இருப்பவர்கள் தலையாட்டுவதற்கு இந்த ஓர் உவமை போதும்.

அவர் சொல்வதற்குச் சாத்திர ஆதாரமும் இருக்கிறது. சைவ சித்தாந்தம் இறைவனின் கருணையை அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டாக வகுத்துப் பேசும். தாய் பால் கொடுப்பதுபோல ஒன்று. வைத்தியர் கட்டியைக் கீறுவதுபோல மற்றது. செம்பில் களிம்புபோல, நெல்லில் உமிபோல ஆணவ மலம் உயிரோடு அநாதியாக ஒட்டியிருக்கிறது. அது பக்குவப்படுவது மலபரிபாகம். அதன் பின்னரே அருள் பதியும், அது சத்திநிபாதம். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் அடக்கிய இந்தக் கணக்கைச் சைவர்கள் இன்றைக்கும் விரித்துப் படிக்கிறார்கள். அதை ஓர் உவமையால் நிறுவவும் முடியாது, ஒரு கட்டுரையால் கவிழ்க்கவும் முடியாது.

கேள்வி, அதை யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான். 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி துடைத்துக்கொண்டு போனது. 2009 மே மாதம் நந்திக்கடல் ஓரத்தால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் கூடாரங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிற ஒரு தாயிடம் போய், அம்மா, இது உங்களைப் பூக்கவைக்கிற குளிர் என்று சொல்ல எந்தச் சாத்திரம் இடம் தருகிறது? முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்கர்கள் யோபுவின் கதையை அறிவார்கள். எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் இருந்த மனிதனிடம் நண்பர்கள் வந்து காரணம் சொன்னார்கள், நன்றாகவே சொன்னார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களிடம்தான்.

பிரசங்கியாரின் உவமையை ஒதுக்க யோபு வரைக்கும் போகவேண்டியதில்லை. லிலாக்கே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பக்கத்தில் டெஸ்கான்சோ என்றொரு தோட்டம். பத்திரிகை முதலாளி மான்செஸ்டர் பாடி என்பவர் உருவாக்கியது. அங்கே பனிக்காலம் பெயருக்குத்தான். வழக்கமான லிலாக்குகள் அந்த ஊரில் பூக்க மறுத்தன. வோல்டர் லாமர்ட்ஸ் என்ற தாவர மரபியலாளர் கலப்பினக் கன்றுகளை வளர்த்து, குறைந்த குளிரிலும் மொட்டு விரிக்கிறவற்றைப் பொறுக்கி எடுத்தார். அப்படி வந்த ‘லவெண்டர் லேடி’ 1950களிலிருந்து தென் கலிபோர்னிய முற்றங்களில் பூக்கிறது. 1954இல் வெளிவந்த ‘குயின் எலிசபெத்’ ரோசாவும் இவர் கைவேலைதான். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடவே ஓர் உபாயமும் செய்வார்கள். செப்டெம்பர் கடைசியோடு செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். குளிர் செய்யாத வேலையில் ஒரு பங்கை வறட்சி செய்துவிடும். செடி உறங்கப் போகும்.

ஆக, குளிரைக் குறைக்கலாம். ஒரு பகுதிக்கு மாற்றீடும் வைக்கலாம். இல்லாமல் முடியவே முடியாது என்று நினைத்த ஒன்று, பேரம் பேசக்கூடிய ஒன்றாகப் போய்விட்டது.

இந்த லாமர்ட்ஸ் ஒரு விநோதமான மனிதர். செடிகளின் குணத்தை மாற்றிப் பிழைத்தவர், பரிணாமக் கொள்கையை நம்பாதவர். லூதரன் சபைக் கிறிஸ்தவர். 1963இல் அமெரிக்காவில் தொடங்கிய படைப்பு ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் தலைவர். கடவுள் படைத்த இனத்துக்குள்ளே மாற்றம் உண்டு, இனம் தாண்டி மாற்றமில்லை என்பது அந்தச் சங்கத்தாரின் பிடிவாதம். உயிரியல் அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரியும்கூட. ஆனால் தன் தோட்டத்தில் செய்ததை அந்தக் கண்ணால் பார்த்தால், அவர் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. விதைக்குள் ஏற்கெனவே இருந்ததைத் தேடி எடுத்தார், அவ்வளவுதான். இல்லாதது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்று சைவ சித்தாந்தம் சொல்கிற சற்காரியவாதத்தை இதற்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பேருக்கும் பேச விஷயம் கிடைத்திருக்கும். லாமர்ட்ஸ் சைவரைச் சந்தித்தாரோ என்று தேடவேண்டாம். இது சும்மா ஒரு ஆசை.

அந்தச் சித்தாந்தத்துக்குள்ளேயே பிரசங்கியாருக்குப் பதிலும் இருக்கிறது. ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் சொல்வார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். லிலாக் பூவுக்கு மொட்டு முதற்காரணம். குளிர் வெறும் துணைக்காரணம். திரிகை இல்லாமல் குடம் வனைவது கஷ்டம்தான், ஆனால் திரிகை சுழன்றதால் குடத்துக்குள் மண் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. துன்பத்தைப் பக்குவத்தின் முதற்காரணமாக ஏற்றிவைப்பது அந்தப் பிழைதான். கூடாரத்திலிருந்து எழுந்து வந்து ஒருவர் நல்லபடி வாழ்ந்தால், அந்த நன்மை அவரிடம் முதலிலேயே இருந்தது. கூடாரம் அதைக் கொடுக்கவில்லை.

பூக்காமல் போன கன்றிலும் குறை சொல்ல வழியில்லை. இதற்கு வன்னியிலேயே மனித உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய் இலங்கையின் குளிர் மலைகளில் தேயிலைக்கு நட்டார்கள். 1948இல் அவர்களின் குடியுரிமை போனது. 1977 கலவரத்துக்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இறங்கின. காந்தியம் போன்ற அமைப்புகள் குடியேற உதவின. வெப்பத்திலிருந்து குளிருக்கும், பல தலைமுறைக்குப் பின் குளிரிலிருந்து வெப்பத்துக்கும் பிடுங்கி நடப்பட்டவர்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி நின்ற அவர்களைப் பார்த்து, இந்த மண்ணுக்கு ஒத்துவரமாட்டாத சனம் என்று முகம் சுளித்தவர்களும் வன்னியில் இருந்தார்கள். காணி உறுதியும் தண்ணீரும் கொடுக்காமல் விளைச்சலைக் கேட்டால், துணைக்காரணத்தை மறைத்து வைத்துக்கொண்டு மண்ணைக் குற்றம் சொல்வதுதான்.

லிலாக்கின் சொந்தக்காரர்களையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கவேண்டும். தாவரவியல்படி அது ஒலிவ் குடும்பம். அதே குடும்பத்தில்தான் மல்லிகையும் இருக்கிறது. ஒரே குடும்பத்துப் பெண்கள் இருவர். ஒருத்திக்குப் பனி வேண்டும், மற்றவளுக்குச் சித்திரை வெயில் வேண்டும். வன்னி வளவில் பந்தல் முழுக்க மல்லிகை பூக்கிற மாதம், தார் வீதியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத மாதம். கார்த்திகைப் பூவின் கதை வேறு. கோடை முழுக்க அதன் கிழங்கு நிலத்துக்குள் உறங்கும், மழை இறங்கியதும் கொடி எழும்பும். அதற்கும் உறக்கம் உண்டு, ஆனால் குளிர் தேவையில்லை. பூப்பதற்கு ஒரே விதி என்று ஒன்றை எழுதிக் கோயில் சுவரில் மாட்ட எந்தப் பூவும் விடாது.

பெயரைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் அரசவைக்குத் தூது போன பஸ்பெக் என்பவர் லிலாக்கைக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வியன்னாவுக்குக் கொண்டுபோனார். பேரும் கிழக்கிலிருந்து போனதுதான். ‘லிலாக்’ என்பதன் வேர் நீலச்சாயலைக் குறிக்கும் பாரசீகச் சொல். நாம் வடமொழி வழியாக எடுத்து வைத்திருக்கிற ‘நீலம்’ அதற்கு உறவு. ஐரோப்பியர் அந்தப் பேரோடு வெப்ப நாடுகளுக்கு வந்தபோது, கொத்துக் கொத்தாகச் சிறுபூ பூத்து மணத்துக்கொண்டு நின்ற ஒரு மரத்துக்கு ‘இந்திய லிலாக்’ என்று பெயர் வைத்தார்கள். அது வேறெதுவுமில்லை, வேம்பு. மலைவேம்புக்குப் ‘பாரசீக லிலாக்’ என்று பெயர். உறவுமுறையில் தப்பு. மூக்கு சொன்னது தப்பில்லை. பங்குனி இரவில் வேப்பமரத்தின் கீழே பாய் போட்டுப் படுத்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். விடியப் பார்த்தால் பாயெல்லாம் வெள்ளைப் பூ. அதைக் கூட்டி அள்ளி, உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துத் தட்டி வெயிலில் காயவைத்தால் வேப்பம்பூ வடகம்.

அந்த மரத்தின் கீழேதான் வற்றாப்பளையின் கதை நடக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து இளைப்பாறிய பத்தாவது இடம், பத்தாப்பளை, வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்கள் வேம்பின் கீழே ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை. கடல் தண்ணீரை எடுத்து ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கேற்றுகிறார்கள். ஏழு நாளின் பின் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். உப்புநீர் எரியுமா என்று இரசாயனம் கேட்கட்டும். கதையைக் கவனித்துக் கேட்டால், அந்தக் கிழவி சிறுவர்களைச் சோதிக்கவில்லை, வாட்டவில்லை. அவர்களிடம் இல்லாத எண்ணெயைக் கேட்டு நச்சரிக்கவும் இல்லை. கைக்கெட்டின தூரத்தில் இருந்ததைத் துணைக்காரணமாக்கினாள். கண்ணகியைவிடத் துன்பம் பட்டவள் யார்? அவள் அந்தத் துன்பத்தை யாருக்கும் மருந்தென்று எழுதிக் கொடுக்கவில்லை.

மட்டக்களப்புப் பக்கம் கண்ணகை அம்மனுக்குத் திருக்குளிர்த்தி செய்வார்கள். கொதித்துப்போய் வந்தவளைக் குளிரப்பண்ணுகிற சடங்கு. வெப்ப நாட்டுத் தமிழில் குளிர் என்றால் தண்டனை இல்லை. மனம் குளிர்ந்தது என்கிறோம், கண் குளிரப் பார்த்தோம் என்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். பிரசங்கியார் லிலாக்கின் குளிரைச் சித்திரவதையாக எண்ணியதே இரவல் எண்ணம்தான். பனிநாட்டு மலையில் பிறந்த செடிக்கு அது தாலாட்டு. அளவோடு வந்து, காலத்தோடு போகிற தாலாட்டு. மொட்டு விரிகிற நேரம் பார்த்துப் பருவம் தப்பி உறைபனி விழுந்தால் அதே லிலாக்கின் பூ கருகிப் போகும். அந்தப் பனியைப் பக்குவம் என்று ஒன்ராறியோவில் யாரும் சொல்வதில்லை, நட்டம் என்றுதான் சொல்வார்கள்.

கன்று கொண்டுவரத்தான் போகிறேன் என்று இன்னமும் நிற்பவர்களுக்கு ஒரு சொல். உயிர்ச்செடியை அனுமதியில்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் விடாது, கட்டுநாயக்காவில் பறித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஆடி மாதம் ஊருக்கு வந்தால், மரத்தின் கீழே மஞ்சளாக வேப்பம்பழம் கிடக்கும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று கிழமைக்குள் ஊன்றிவிடுங்கள். பிந்தினால் முளைக்காது.