ஆகாச வீதியின் நடுவிடம்

ஆனி, ஆடி மாதத்து இரவுகளில் தென்வானில் வெண்புகைபோல் தோன்றும் பால்வீதி, தனுர் ராசியில், மூல நக்ஷத்திரத்தின் அருகாமையில் மிகத் தடித்துக் காணும். அத்திக்கில் சுமார் 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் நம் நக்ஷத்திர மண்டலத்தின் நடுவிடம் இருக்கின்றது. பெயர்ப் பொருத்தம் அழகியதே. அதனின்று யுக்தி ஏதும் எடுக்க வேண்டுவதில்லை.

அந்நடுவில் ஏறக்குறைய 43 லக்ஷம் சூரியர்களின் நிறையைக் கொண்ட கருந்துளை உள்ளது. ஒளியும் அதனின்று மீளாது. அதனை நமக்குக் காட்டிக்கொடுத்தவை அருகில் சுழலும் தாரகைகளே. எஸ்-2 என்னும் தாரகை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைச் சுற்றுகின்றது. 2018 மே மாதம் மிக நெருங்கியபோது விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் விரைந்தது.

நிற்க. அங்குள்ள தாரகைகள் எவ்வாறு பரவி நிற்கின்றன? ஒன்றையொன்று கடக்கும்போதெல்லாம் அவை சிறிது வேகத்தைக் கொடுத்தும் வாங்கியும் செல்லும். கொடுத்தது உள்ளே இறங்கும். வாங்கியது வெளியே விலகும். கனத்தவை எளியவற்றின் நடுவே செல்லுகையில் வேகம் இழக்கும் என்று 1943-ல் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இக்கொடுக்கல் வாங்கல் பல நூறு கோடி ஆண்டுகள் நடந்தேறினால், நடுவுக்குள்ள தூரம் பாதியாகும்போது நெருக்கம் மூன்று மடங்குக்கும் மேலாகும் என்று 1976-ல் பாகால், உல்ஃப் என்னும் இருவர் நிறுவினர். முதிய தாரகைகளுக்கே இது பொருந்தும். எஸ்-2 முதலிய இளையவை பல, ஒரு கோடி ஆண்டும் நிரம்பாதவை. அவற்றை இக்கணக்கில் சேர்த்தல் ஆகாது.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழுந்தது. 2009-ஐ ஒட்டி, பிரகாசமான முதிய செந்தாரகைகளை எண்ணியபோது, நடுவை நோக்கி அவை பெருகவே இல்லை! சித்தாந்தமே பிழையோ என்று பலரும் ஐயுற்றனர்.

புறப்பாட்டில் தீவட்டிகளை மட்டும் எண்ணி ஜனக்கூட்டத்தை அளப்பவன் என்ன காண்பான்? தீவட்டி பிடிப்போர் ஒதுங்கி நின்ற இடத்தில், இருளில் தோளோடு தோள் நெருக்கி நிற்போர் அவன் கணக்கில் வரமாட்டார். ஸமாதானமும் அவ்வழியே வந்தது. ஸ்பெயின் தேசத்துக் கிரனாடாவில் ஷோடெல் முதலானோர், சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கி எடுத்த படங்களைக் கொண்டு மங்கிய தாரகைகளையும், தனித்தனியே பிரித்தறிய முடியாதவற்றின் மொத்த ஒளியையும் ஆராய்ந்தனர். 2018-ல் வெளிவந்த முடிவு: மங்கியவை நடுவை நோக்கி அடர்ந்தே நிற்கின்றன, ஏற்றம் மட்டும் கணித்ததினும் சற்றுக் குறைவு.

பிரகாசமானவை ஏன் குறைந்தன என்பது இன்னும் தீராத வழக்கு. முற்காலத்தில் அங்குச் சுழன்ற வாயுத் தட்டினூடே பன்முறை புகுந்து மேற்போர்வையை இழந்தன, ஆகவே மங்கின என்பது ஒரு பக்ஷம்.