நீ எங்கே நின்று பார்த்தாய்?

நாகர்கோவிலை ஒட்டிக் கிடக்கும் கணியாகுளத்தில் ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. மதுரைத் திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பய்யன் படையோடு வந்து இறங்க, வேணாட்டின் பக்கம் நின்று இரவிக்குட்டிப் பிள்ளை பொருது செத்தான். 1634-35 வாக்கில் என்று கணக்கு. பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லி இதை நாம் அறியவில்லை. வில்லடித்துப் பாடிய கதையாகத்தான் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. தாய் கெட்ட கனாக் காண்கிறாள். பெண்டாட்டி போகவேண்டாம் என்று மன்றாடுகிறாள். கூடப் போன மந்திரிமாரே சதி செய்து அவனைத் தனியே மாட்டிவிடுகிறார்கள். அறுபட்ட தலை எதிரியின் பாளையத்துக்குப் போகிறது. விசுவாசமான வேலைக்காரன் ஒருவன் போய் அதை மீட்டு வருகிறான்.

கேட்டால் நெஞ்சு அடைக்கும், மறுக்கவில்லை. அடைத்த நெஞ்சோடேயே ஒன்று கேட்கலாமா? தாய் கண்ட கனாவைப் புலவருக்கு யார் சொன்னது? சதி செய்த மந்திரிமார் பேசிக்கொண்டதைப் பக்கத்தில் நின்று கேட்டவன் யார்?

கலையிடம் இதையெல்லாம் கேட்கக்கூடாது என்பார்கள். கதையைக் கதையாக மட்டும் வைத்திருந்தால் நானும் கேட்கமாட்டேன். நம் பக்கத்து வழக்கம் வேறு. வெட்டுப்பட்டுச் செத்தவனுக்கும், தூக்கில் தொங்கவிடப்பட்டவனுக்கும், வஞ்சகத்தால் கொல்லப்பட்ட பெண்ணுக்கும் பீடம் போட்டு, வருஷா வருஷம் கொடை கொடுப்போம். நடுச்சாமத்தில் புலவர் கொலைக்கட்டத்தைப் பாடுவார். வீசுகோல் வில்லின்மேல் வேகமாக விழும், குடமும் உடுக்கையும் முறுக்கேறும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்துவிடும். செத்தவன் சாமியாகி, திருநீறு கொடுத்து, காணாமல் போன மாட்டுக்குக் குறி சொல்வான். தன்னைக் கொல்லச் சொன்னவன் யார், கொன்றவனுக்குக் கரமொழிவாக, வரியில்லாமல், எத்தனை வயல் எழுதிக் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லமாட்டான். கேட்பாரும் இல்லை. சாமியாக்கிவிட்டால் அந்தக் கொலைக்கேஸ் அத்தோடு முடிந்தது.

போரை எழுதுகிறவர்கள்மேல் எனக்குள்ள புகார் இதுதான். அழவைக்கிறவரும் சரி, மீசை முறுக்க வைக்கிறவரும் சரி, பெரும்பாலும் விசாரணையை மூடிவைக்கத்தான் உதவுகிறார்கள்.

திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவையே எடுத்துக்கொள்வோம். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள நாவலில் அவர் நாயகன்; அவரை எதிர்த்த, முந்தைய அரசரின் மக்களான தம்பிமார் இருவரும் அரியணைக்கு ஆசைப்பட்டவர்கள். நம் வில்லுப்பாட்டில் அதே தம்பிமார் அநியாயமாகச் செத்தவர்கள். தங்கையைப் பெண் கேட்ட அரசனுக்கு மறுப்புச் சொன்னார்கள், அதனால் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள் என்று போகும் கதை. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இரண்டுமே பொய்யாக இருக்க முடியும். ஆனால் எவர் எந்தக் கதையை நம்புகிறார் என்று தெரிந்துகொள்ள நம் ஊரில் ஆதாரத்தைக் கேட்கவே வேண்டாம், குடும்பத்தைக் கேட்டால் போதும்.

குளச்சலில் வெற்றித் தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பெருமை. கட்டைவண்டிகளில் பனந்தடிகளை ஏற்றி நிறுத்திப் பீரங்கி என்று நம்பவைத்த கதையைச் சொல்லும்போது இன்றும் நம் ஆட்களுக்குக் குரல் உயர்ந்துவிடும். அப்போது பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதி ஆனான். அவன் பழக்கிய படை வடக்கே காயங்குளம் முதலான அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. அந்நியனை விரட்டிய கதையின் அடுத்த அத்தியாயம், அந்த அந்நியனை வைத்தே அயல்வீட்டுக்காரனை அடித்தது. இது மேடையில் வராது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய்க்கு லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல்லறை இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொள்ளையிட்ட கரையூர்களில் அன்று வீடு இழந்தவர்கள் யார் யார் என்று ஒரு கல்லும் சொல்லவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு நிருபர்கள் நேரில் போய்ப் பார்த்தல்லவா எழுதுகிறார்கள் என்பீர்கள். போகிறார்கள்தான். லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ நிருபர் மேரி கொல்வின் 2001 ஏப்ரலில் இலங்கை அரசின் தடையை மீறி வன்னிக்குள் போனார். உணவுக்கும் மருந்துக்கும் தடை போடப்பட்டு லட்சக்கணக்கான தமிழர்கள் அடைபட்டிருந்ததை எழுதுவதற்காகப் போனார். திரும்பும் வழியில் இராணுவம் தாக்கியதில் இடது கண் போயிற்று. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். 2018இல் அவரைப் பற்றி ஹாலிவுட் படம் வந்தது. அவர் அணிந்த கறுப்புக் கண்பட்டையை உலகம் அறியும். எந்த ஜனங்களுக்காக அந்தக் கண் போனதோ, அவர்களுக்கு மருந்து மறுக்கப்பட்ட கதையை எத்தனை பேர் அறிவார்கள்? அவர்மேல் குற்றமில்லை. செய்தி கொண்டுவந்தவரைப் பீடத்தில் ஏற்றிவிட்டுச் செய்தியைக் கீழே போட்டது வாசகர் கூட்டம். கோமரத்தாடியைச் சுற்றி நின்று கும்பிடுகிற அதே கூட்டம்தான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் என்று ஒரு நிருபர் இருந்தார். பிபிசி தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பியவர். போர்க்களம் தேடி அவர் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை, போர் அவர் தெருவிலேயே குடியிருந்தது. 2000 அக்டோபர் 19ஆம் தேதி இரவு, ஊரடங்கு நேரத்தில், மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். வீட்டுக்குள் கையெறி குண்டும் வீசினார்கள், வீட்டார் காயப்பட்டார்கள். ஊரடங்கில் துப்பாக்கியோடு தெருவில் நடமாட யாரால் முடியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அவருக்கு ஹாலிவுட் படம் இல்லை. உள்ளூர் நிருபர் செத்தால் அது செய்தி, வெளியூர் நிருபர் செத்தால் அது காவியம்.

தமிழில் போரை இலக்கியமாக எழுதியவர்களில் நான் நம்புகிறவர் ப. சிங்காரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தோனேசியாவின் மேடான் நகரில் இருந்தவர். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிய அந்த மனுஷன் வீரத்தைப் பார்த்தாலே கேலி செய்கிறார், தமிழ்ப்பெருமையைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதனால்தானோ என்னவோ, 1972இல் புத்தகம் வெளிவந்தபோது கொண்டாட ஆள் இல்லை.

2009க்கு வருவோம். அந்த வருஷம் நம் மாவட்டத்து மேடைகளிலும் வன்னிப் போர் வெடித்தது. கடலுக்கு இக்கரையில் மைக் முன்னால் நின்றவர்கள், அக்கரையின் ஒவ்வொரு பதுங்குகுழியையும் கண்ணால் கண்டதுபோல வர்ணித்தார்கள். சிங்களப் படை மருத்துவமனைமேல் குண்டு போட்டதைச் சொன்னார்கள். அது நடந்தது. தப்பி ஓடிய தமிழர்களை விடுதலைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும் சொல்லவில்லை. அதுவும் நடந்தது, 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுதியது. கொழும்பிலோ அரசுப் பத்திரிகைகள், படையினர் பொதுமக்கள்மேல் ஒரு சிராய்ப்பும் படாமல் மீட்டதாக எழுதிக்கொண்டிருந்தன. சுதந்திரமான நிருபர் எவரையும் அரசு உள்ளே விடவில்லை. புலிகளும் தங்களுக்கு ஒவ்வாததை எழுதவிடுகிறவர்கள் அல்லர்.

அந்த இருட்டில் நிருபர் வேலையைச் செய்தவர்கள் சில அரசு மருத்துவர்கள். சம்பளம் கொடுத்ததும் கொழும்புதான். பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆஸ்பத்திரி போட்டு, மயக்க மருந்து தீர்ந்துபோன நிலையில் கை கால்களை வெட்டி எடுத்துக்கொண்டு, இடையில் போன் வந்தால் பிபிசிக்கும் ஏஜென்சிகளுக்கும் இன்றைக்கு எத்தனை பிணம், எத்தனை காயம் என்று சொன்னார்கள். வர்ணனை கிடையாது. எண்ணிக்கை, இடம், நேரம்.

மே மாதம் போர் முடிந்ததும் அவர்களைக் கைது செய்தார்கள். ஜூலை 8ஆம் தேதி கொழும்பில் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். புலிகளின் நெருக்குதலால் கூட்டிச் சொன்னோம், ஜனவரியிலிருந்து செத்த பொதுமக்கள் அதிகம் போனால் 750 பேர் என்றார்கள். ஐ.நா. குழு, 40,000 வரை இருக்கலாம் என்றது. அந்த மருத்துவர்களில் ஒருவர் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு, கொழும்பில் நிர்ப்பந்தத்தால் அப்படிப் பேசியதாகச் சொன்னார்.

அதே வாய்கள்தான். மே மாதம் ஒரு கணக்கு, ஜூலையில் ஒரு கணக்கு. மே மாதம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் புலிகள், ஜூலையில் அரசு. அரசு ஆதரவாளர் ஜூலைப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டார், நம் மேடைக்காரர் மே மாதப் பேச்சை மட்டும். இரண்டு இடத்திலும் யாருடைய துப்பாக்கி நிழலில் நின்று அவர்கள் பேசினார்கள் என்று கேட்டு, பிறகு குழி எண்ணிக்கையையும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும், செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிற சலிப்பான வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கைதட்டு விழாது, அருளும் வராது. அதைச் செய்யச் சொல்லி நம் ஊர் மேடை எதிலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.